ஹாப்சன்-ஜாப்சன்: பழைய இங்கிலீஷ் பத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

பூர்விகப் பத்திரம் இங்கிலீஷில் இருப்பதால் முழித்துக்கொண்டிருப்பவர்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் நிலப் பதிவேட்டு நகல் வாங்கி வந்துவிட்டு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுகிறவர்கள், தாத்தா காலத்துக் கோர்ட் தீர்ப்பைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பழஞ்சொல் அகராதியை வாங்குங்கள். கூடவே பழைய சேம்பர்ஸ் ஆங்கில அகராதி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தாளைக்கூடத் தைரியமாக விரித்து வைத்துப் படிக்கலாம்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். இப்போது வீட்டிலிருந்தே இங்கிலீஷ் ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். பாகப்பிரிவினை, பேங்க் கடனுக்கு லீகல் ஒப்பீனியன், வாய்க்கால் தகராறு, கோயில் நிலம் என்று என் மேசைக்கு வருவதெல்லாம் பழைய தாள்தான். அதில் உள்ள கடினமான சொற்கள் இரண்டு வகை. ஒரு வகை லண்டன் வக்கீல்கள் காலங்காலமாக எழுதி வந்த சட்டச் சொற்கள். இன்னொரு வகை நம் வாய்க்காலிலும் களத்திலும் தாலுகா கச்சேரியிலும் பிறந்து, இங்கிலீஷ் எழுத்துக்குள் புகுந்து, அடையாளம் தெரியாமல் நிற்கிற சொற்கள். முதல் வகைக்குச் சேம்பர்ஸ். இரண்டாம் வகைக்கு ஹாப்சன்-ஜாப்சன். எனக்கு அதிகம் பிடித்தது இரண்டாவது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த அகராதி முதலில் வந்தது 1886-இல், லண்டனில். தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல், வங்காள எஞ்சினியர் படையில் வேலை பார்த்தவர். மற்றவர் ஆர்தர் கோக் பர்னல். இவர் நம்ம பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். சென்னை மாகாண சிவில் சர்வீசில் இருந்து, தஞ்சாவூரில் ஜட்ஜாக வேலை பார்த்து, அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1882-இலேயே இறந்துவிட்டார். யூல்தான் முடித்து வெளியிட்டார். பிறகு வில்லியம் குரூக் என்பவர் நிறையச் சேர்த்து 1903-இல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். அவர் சேர்த்ததெல்லாம் சதுர அடைப்புக்குள் இருக்கும். எது முதல் இருவர் சொன்னது, எது பின்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெயரைப் பார்த்து விளையாட்டுப் புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம். மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரலைக் கேட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆக்கிவிட்டார்கள். ஒரு மொழிக்காரன் சொன்னது இன்னொரு மொழிக்காரன் காதில் எப்படி விழுந்தது என்பதுதான் புத்தகம் முழுக்க வருகிற விஷயம். அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். தடப்பள்ளி வாய்க்கால் பக்கத்து நிலம் ஒன்றின் பழைய ஆவணம். சொத்து விவரத்தில் வடக்கு எல்லை ஒரு 'டாமரிண்ட் டோப்'. டாமரிண்ட் என்றால் புளி, அதில் சிக்கல் இல்லை. 'டோப்' என்ன? போனில் தட்டினால் மிதமிஞ்சிக் குடிப்பது என்று ஒரு பொருள் வரும். சுறா மீனில் ஒரு வகை என்று இன்னொன்று வரும். இரண்டும் இங்கிலீஷில் உண்மையான பொருள்கள்தான். ஆனால் கோபியில் நிலத்துக்கு வடக்கே சுறா மீன் எப்படி வரும்?

ஹாப்சன்-ஜாப்சனில் அந்தச் சொல்லைத் திருப்பினால், இது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொல் என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். ஒன்று, இந்துஸ்தானியில் பீரங்கி. இன்னொன்று, புத்த மதத்தாரின் ஸ்தூபி. நடுவில் இருப்பது நமக்கு வேண்டியது: மரத்தோப்பு. அதற்கு மேலும் சொல்கிறார்கள். வட இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் எல்லோரும் மாந்தோப்பை இந்தப் பெயரால்தான் சொன்னார்களாம். ஆனால் அந்த ஊர் ஜனங்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. ஏனென்றால் இது தமிழ்த் 'தோப்பு'. நம் ஊரில் கேட்டு எடுத்துக்கொண்ட சொல்லை ஆங்கிலேயர் வங்காளம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் பத்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'புளியந்தோப்பு' என்று எழுதி முடித்த பிறகும் அந்தப் பக்கத்தை மூட மனசு வரவில்லை.

பொருளுக்குக் கீழே மேற்கோள்கள் வரும். இந்த அகராதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எந்த வருடம், யார், எந்தக் கடிதத்தில் அல்லது பயண நூலில் அந்தச் சொல்லை எழுதினார் என்று கால வரிசையில் அடுக்கியிருப்பார்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், இத்தாலியப் பயணி, கம்பெனி குமாஸ்தா என்று எல்லோரும் வருவார்கள். 'அனிகட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் 'அணைக்கட்டு' என்பதிலிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆற்றுக்குக் குறுக்கே கட்டி வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திருப்புகிற கட்டுமானம் என்று விளக்கிவிட்டு, 1776-ஆம் வருடக் கடிதம் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். சென்னைக் கவுன்சில் தஞ்சாவூரில் இருந்த படைத்தளபதிக்கு எழுதியது. கரை மராமத்தைப் பார்க்க ராஜா அணைக்கட்டுக்குப் போவதானால் ஆட்சேபணை இல்லை, ஆனால் தளபதி இப்போது கோட்டைப் படையை விட்டுப் போவது சரிப்படாது என்று அதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போன இடத்தில், தன் நாட்டு அணையைப் பார்க்க ராஜா கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருந்த காலமும் தெரிந்துவிடுகிறது. கொடிவேரி அணையையும் காளிங்கராயன் வாய்க்காலையும் தினம் பார்க்கிற நமக்கு இதெல்லாம் வெறும் தகவலாகத் தோன்றாது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. அப்படிப்பட்ட நாட்டின் அணைக்கட்டுச் சொல் இந்தியா முழுவதும் இங்கிலீஷ் சொல்லாகப் புழங்கியிருக்கிறது.

தேடுவதில் ஒரு சிரமம் உண்டு. எழுத்துக்கூட்டல் எல்லாம் அந்தக் காலத்தது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் என்பதை நாம் இன்றைக்கு எழுதுகிற இங்கிலீஷ் எழுத்தில் தேடினால் அகப்படாது. சீ, யூ, ஆர், என், யூ, எம் என்று போட்டிருப்பார்கள். ஜமாபந்தி, பசலி, பட்டா, தாசில்தார் எல்லாமே இப்படித்தான். இதற்கு நான் கண்ட வழி, வாய்விட்டுப் படிப்பது. கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். நத்தக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் தன் அப்பா காலத்துக் குளத்துத் தகராறு தீர்ப்பைக் கொண்டுவந்தார். நான் உரக்க வாசிக்க, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'டேங்க் பண்ட்' என்றேன். குளத்துக் கரை என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த வரியில் 'கலிங்குலா' என்று வந்தது. படக்கென்று கண்ணைத் திறந்தார்.

"அம்மிணி, இன்னொருக்கா சொல்லுங். கலிங்குலாவா?"

"ஆமாங் பெரீப்பா. கலிங்குலான்னுதான் போட்டிருக்குது."

"அட நம்ம கலிங்குங் அம்மிணி அது! குளம் ரொம்பினா தண்ணி வழியற எடம். அதுக்குத்தானுங் எங்கப்பன் காலத்துல அத்தனை சண்டை."

ஹாப்சன்-ஜாப்சனைத் திருப்பிக் காட்டினேன். தமிழ்க் 'கலிங்கல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, தென்னிந்தியப் பாசன அறிக்கைகளில் அதிகம் புழங்குவது என்று போட்டிருக்கிறது. அவர் சொன்னதையேதான் அதுவும் சொல்கிறது. இங்கிலீஷ் தெரியாதவர் ஒருவர், கேட்ட மாத்திரத்தில் அகராதிக்குச் சமமாகப் பொருள் சொல்லிவிட்டார். அதிலிருந்து வயதானவர்கள் பத்திரம் கொண்டுவந்தால் உட்காரவைத்து உரக்கப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஊர் அதிகாரப் பெயர்களுக்கு இந்த அகராதியை விட்டால் வழியே இல்லை. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. முறை கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மணியகாரர், அதாவது ஊர்த்தலைவர், என்றால் பட்டப்பெயர் அளவுக்குத்தான் தெரியும். பழைய இங்கிலீஷில் அவர் 'மோனிகர்'. கணக்குப்பிள்ளை 'கானிகாப்பலி' ஆகிவிட்டார். சிரஸ்தார், வக்கீல், அமீனா, தலையாரிக்கு மேலே கீழே இருந்தவர்கள் எல்லோரும் உருமாறி நிற்பார்கள். தபாலுக்குத் தென்னிந்தியாவில் 'டப்பால்', வட இந்தியாவில் 'டாக்' என்று ஆங்கிலேயர் பிரித்து எழுதியதைக்கூட இதில் காணலாம். கலெக்டர் ஆபீஸ் கடிதங்களில் அந்தச் சொல் வரும்போது கை தானாகத் 'தபால்' என்று எழுதிவிடுகிறது.

பணமும் எடையும் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1818-க்கு முந்தைய கணக்குகளில் ரூபாய் குறைவு. பகோடா, பணம், காசு என்ற நாணயங்கள்தான் வரும். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் என்று பிறகு வைத்தார்கள். வீசை என்ற எடை மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். 'காணி' சென்னைப் பக்கத்து நில அளவு, ஒன்றே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இதெல்லாம் அகராதியிலேயே இருக்கிறது.

ஆனால் 'கேண்டி' என்ற சொல்லில் நம் ஊர்க்காரர் கவனமாக இருக்க வேண்டும். இன்றைய இங்கிலீஷில் மிட்டாய். பழைய இங்கிலீஷில் 'கண்டி' என்ற எடை. அகராதி இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கிறது. எடையை, சுமார் 500 பவுண்டு, ஊருக்கு ஊர் மாறும் என்று சொல்லிவிடுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்களும் பஞ்சு வியாபாரிகளும் இன்றைக்கும் கண்டிக் கணக்கில்தான் பஞ்சு விலை பேசுகிறார்கள். அந்தக் கண்டி 784 பவுண்டு, அதாவது 356 கிலோ. பழைய ஜின்னிங் பாக்டரிக் கணக்கில் 'இருபது கேண்டி' என்று பார்த்ததும் அகராதி சொன்ன எடையை வைத்துப் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். எந்தச் சரக்கு, எந்த ஊர்ச் சந்தை என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும். ஊருக்கு ஊர் மாறும் என்று அகராதி முன்கூட்டியே சொல்லியிருப்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

பசலிக்கும் விளக்கம் இருக்கிறது. விளைச்சல் பருவத்தை ஒட்டி முகலாயர் காலத்தில் ஏற்பட்ட வரி வருடம் என்று அதன் வரலாறே வருகிறது. நடைமுறைக்கு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். நம் மாநிலத்தில் பசலி ஜூலை 1-இல் தொடங்கும், பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய இங்கிலீஷ் வருடம் கிடைக்கும். பசலி 1270 என்றால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை.

மனசை உறுத்துகிற பக்கங்களும் இதில் உண்டு. ஆண்டவர்கள் எழுதிய புத்தகம். நம் ஜனங்களைப் பற்றி ஏளனமாகவும் அவசரமாகவும் எழுதிய மேற்கோள்கள் வரும். தமிழ்நாட்டில் பறை முழக்கிய ஒரு சமூகத்தின் பெயரை ஆங்கிலேயர் எப்படி ஒரு வசைச் சொல்லாக்கி உலகம் முழுக்கப் பரப்பினார்கள் என்பது அந்தப் பதிவைப் படித்தால் தெரியும். இன்றைக்கும் இங்கிலீஷ் பத்திரிகைகள் அதை யோசிக்காமல் எழுதுகின்றன. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் அந்த அநியாயம் எங்கே எப்போது தொடங்கியது என்று ஆதாரத்தோடு காட்டுவது இந்தப் புத்தகம்தான் என்பதால் அந்தப் பக்கமும் அவசியம் வேண்டும்.

இனிச் சேம்பர்ஸ். எடின்பரோவில் இருந்த சேம்பர்ஸ் கம்பெனி 1901-இல் 'இருபதாம் நூற்றாண்டு அகராதி' என்று முதலில் கொண்டுவந்தது. பிறகு எத்தனையோ பதிப்பு. இதன் தனிச்சிறப்பு, வழக்கொழிந்த சொல்லைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது. ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்பென்சர் நூல்களில் மட்டும் வருகிற சொற்களுக்குக்கூட அவரவர் பெயரைச் சுருக்கிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்துச் சொற்கள் ஏராளம். எது பழைய வழக்கு, எது முழுக்க ஒழிந்தது என்றும் குறி இருக்கும். பத்திரம் படிப்பவர்களுக்கு அந்தக் குறிதான் வழிகாட்டி.

ஏன் போன் போதாது என்று பலர் கேட்கிறார்கள். தெரியாத சொல்லால் ஆபத்து குறைவு. தெரியாது என்று தெரிவதால் தேடிவிடுவோம். தெரிந்த சொல்தான் காலை வாரும். 'டைட் வித்தவுட் இஷ்யூ' என்ற வரியைப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் பேங்க் கடனுக்காக வேறு யாரோ மொழிபெயர்த்த தாள் ஒன்று என்னிடம் சரிபார்க்க வந்தது. 'எவ்விதப் பிரச்சினையும் இல்லாமல் இறந்தார்' என்று இருந்தது. இஷ்யூ என்றால் இங்கே பிள்ளைகள். பிள்ளையில்லாமல் இறந்துபோன ஒருவரின் பங்கு யாருக்குப் போகும் என்பதுதான் அந்தப் பத்திரத்தின் உயிர்நாடி. அந்த ஒரு வரியால் கடன் நின்றுபோய், கிணற்று வேலை பாதியில் கிடந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம். அதை 'வாரிசு இல்லாமல் இறந்தார்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. பிள்ளை இல்லாவிட்டாலும் மனைவி இருக்கலாம், தாயார் இருக்கலாம். அவர்களும் வாரிசுதான். 'சந்ததியின்றி' என்று எழுதினால் மட்டுமே சரி. பெரும்பாலும் அதற்கு அடுத்த வரியிலேயே 'ஹிஸ் ரெலிக்ட்' என்று வரும். பழைய இங்கிலீஷில் ரெலிக்ட் என்றால் இறந்தவரின் மனைவி. நினைவுச் சின்னம், எச்சம் என்றெல்லாம் எழுதி ஒரு பெண்ணின் பங்கையே காணாமல் அடித்துவிடக் கூடாது. சேம்பர்ஸில் அந்தப் பொருள், பழைய வழக்கு என்ற குறியோடு இருக்கிறது.

'டிமைஸ்' என்றால் இன்றைக்கு மரணம். குத்தகைப் பத்திரத்தில் அது நிலத்தைக் குத்தகைக்கு விடுதல். 'டிவைஸ்' என்றால் திட்டம் போடுவது என்று நினைப்போம். உயில் சாசனத்தில் அது அசையாச் சொத்தை எழுதி வைப்பது. 'டிஸ்ட்ரெஸ்' மனவேதனை இல்லை, வரியோ குத்தகையோ பாக்கி வைத்தவரின் சாமானை எடுத்துப்போகிற ஜப்தி. 'மொயட்டி' சரிபாதி. 'மெசுவேஜ்' வீடும் அதைச் சேர்ந்த கட்டடங்களும் மனையும். 'அல்டிமோ' என்று தேதியோடு வந்தால் போன மாதம், 'இன்ஸ்டன்ட்' என்று வந்தால் இதே மாதம். கலெக்டர் ஆபீஸ் கடிதங்களில் இவை இல்லாத தாளே இல்லை. 'கார்ன்' என்று பழைய ஆங்கிலேயர் எழுதினால் பொதுவாகத் தானியம். இப்போது நம் காடெல்லாம் மக்காச்சோளமாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடக் கூடாது.

இனாம் பதிவேட்டில் ஒரு சொல் எல்லோரையும் திணற வைக்கும்: 'என்பிரான்சைஸ்'. ஓட்டுரிமை கொடுப்பது என்று போன் சொல்லும். சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் வந்தது. ஊழியத்துக்காகவோ தர்மத்துக்காகவோ விடப்பட்ட இனாம்களைச் சரிபார்த்தார்கள். பல இனாம்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்து, வருடாவருடம் ஒரு சிறு தொகை கட்டச் சொல்லி, உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த விடுவிப்புத்தான் என்பிரான்சைஸ். அந்தச் சிறு தொகைதான் 'க்விட் ரென்ட்'. சேம்பர்ஸில் விடுதலை செய்வது என்ற பழைய பொருளை முதலில் போட்டுவிட்டுத்தான் அரசியல் உரிமைக்கு வருவார்கள். அந்த வரிசை எத்தனை குடும்பங்களின் நில வரலாற்றைத் திறந்துவிடுகிறது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அகராதியே முடிவு சொல்லாத இடமும் உண்டு. 'நேச்சுரல் சன்' என்று வந்தால், பழைய இங்கிலீஷில் கல்யாண உறவுக்கு வெளியே பிறந்த மகன் என்ற பொருள் சேம்பர்ஸில் இருக்கும். அதை அப்படியே எடுத்து நம் குடும்பப் பத்திரத்தில் போட்டால் ஊரே ரெண்டாகும். தத்து எடுத்த வழக்குகளில், தத்துப்பிள்ளைக்கு எதிராகப் 'பெற்ற பிள்ளை' என்று பிரித்துக் காட்டத்தான் நம் கோர்ட்டுகள் அந்தச் சொல்லைப் போடும். முன்னும் பின்னும் நாலு பக்கம் படித்துவிட்டே கை வைக்க வேண்டும்.

சேம்பர்ஸில் குறை என்று சொன்னால், கிளைச் சொற்களைத் தனித்தனியாகப் போடாமல் வேர்ச்சொல்லுக்குக் கீழே ஒரே பத்தியாக நெருக்கியிருப்பார்கள். வேர் தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். இரண்டு நாள் பழகினால் சரியாகிவிடும். பொருளும் இங்கிலீஷிலேயே இருப்பதால், தமிழுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தைத் திருப்புவேன். 1960களில் வந்தது. தமிழ்ச் சொல் தேர்வில் அதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. ஆனால் எந்தப் பொருள் இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று முதலில் சேம்பர்ஸில் தீர்மானித்துக்கொண்டு அங்கே போங்கள்.

எதை எங்கே வாங்குவது? சேம்பர்ஸுக்குப் புதுப் பதிப்பு தேட வேண்டியதில்லை. பழைய புத்தகக் கடைகளில் தடியாகக் கிடைக்கிற 'இருபதாம் நூற்றாண்டு அகராதி' போதும், விலையும் கையைக் கடிக்காது. அட்டை கழன்றிருந்தால் பைண்டிங் பண்ணிக்கொள்ளலாம். முதல் பக்கங்களில் குறிகளின் பட்டியல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது கிழிந்துபோயிருந்தால் பாதிப் பயன் போய்விடும்.

ஹாப்சன்-ஜாப்சனுக்கு டில்லிப் பதிப்பகங்கள் போட்ட மறுபதிப்புகள் இருக்கின்றன. ஈரோடு புத்தகத் திருவிழாவில் இங்கிலீஷ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 1903 பதிப்பின் முழு மறுபதிப்புத்தான் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். 2013-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தேர்ந்தெடுத்த பதிப்பு நல்ல அச்சு, நல்ல முன்னுரை, படித்து ரசிக்க அருமை. ஆனால் நாம் தேடுகிற வருவாய்த்துறைச் சொல் அதில் விட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் வேலைக்கு அது ஆகாது. மறுபதிப்புகளில் எழுத்து பொடி. பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அடர்ந்திருக்கும். தமிழ்ச் சொல்லைக்கூட இங்கிலீஷ் எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். சாயங்காலத்துக்கு மேல் எனக்குப் பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவதில்லை.

காசு செலவழிக்க இஷ்டமில்லாதவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழகம் நடத்துகிற தெற்காசிய மின்னகராதிகள் தளத்தில் 1903 பதிப்பு முழுவதும் இலவசமாக இருக்கிறது. வின்சுலோ, பப்ரீசியஸ் தமிழ் அகராதிகளும் அங்கேயே உண்டு. தலைப்புச் சொல்லில் மட்டும் தேடாமல் முழுப் பதிவுக்குள்ளும் தேடலாம். எழுத்துக்கூட்டல் சிக்கலுக்கு அது நல்ல மருந்து. இருந்தாலும் நான் புத்தகத்தைத்தான் திருப்புகிறேன். ஒரு சொல்லைத் தேடிப் போகும்போது மேலும் கீழும் கண்ணில் படுகிற நாலு சொல் அடுத்த மாதத்துப் பத்திரத்துக்கு உதவுகிறது.

கடைசியாக, இந்த இரண்டு அகராதியையும் கையில் வைத்துக்கொண்டும் வெளியூர்க்காரர்கள் கோட்டைவிடுகிற ஒரு சொல். கோயம்புத்தூர் ஜில்லாப் பழைய செட்டில்மென்ட் கணக்குகளில் 'வெட்', 'டிரை', 'கார்டன்' என்று நிலத்தைப் பிரித்திருப்பார்கள். நஞ்சை, புஞ்சை சரி. மூன்றாவதைப் 'பூங்கா', 'பூந்தோட்டம்' என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொங்கில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனத்தில் வெள்ளாமை செய்கிற பூமி. அதில் மஞ்சள் இருக்கும், புகையிலை இருக்கும், பருத்தி இருக்கும். அந்தச் சொல்லைத்தான் அன்றைய அதிகாரிகள் இங்கிலீஷ் ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே 'தோட்டம்' என்றே போட்டு, பக்கத்தில் கிணற்றுப் பாசன நிலம் என்று குறித்துவிடுங்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை முறை தண்ணீர்ப் பாத்தியம் என்பது பெரும்பாலும் அதே தாளின் பின்பக்கத்தில் இருக்கும். அதையும் திருப்பிப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பை முடியுங்கள்.